முதலில் எதைச் சொல்வது?

வணக்கம் நேயர்களே.

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் மேத்யூ பெர்ரி இறந்து கிடந்தார். வயது 54. 'ஃப்ரண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் சாண்ட்லர் பிங்காக வந்து உலகத்தையே சிரிக்க வைத்தவர். நம் பக்கம் செய்தி வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை. வதந்தியாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "நேரில் பார்த்ததுகூட இல்லை. யாரோ ஒரு அமெரிக்க நடிகர். அவருக்காக இவ்வளவு அழுகையா?"

சினிமா நடிகர் படத்துக்குப் படம் வேறு ஆளாகிவிடுவார். சிட்காம் எனும் நகைச்சுவைத் தொடரில் வரும் நடிகர் அப்படி மாறுவதில்லை. 1994 செப்டம்பர் முதல் 2004 மே வரை 10 சீசன், 236 எபிசோட். அதே ஆள், அதே சோபா, அதே ஐந்து நண்பர்கள். எபிசோடுக்கு 22 நிமிடம் என்று வைத்தாலும் 85 மணி நேரத்தைத் தாண்டுகிறது. சொந்தக்காரர்களில் எத்தனை பேரோடு நாம் அவ்வளவு நேரம் சிரித்துப் பேசியிருப்போம்? அதுவும் ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துபோகிற தொடரா அது? பரீட்சைக்கு முந்தைய ராத்திரியிலும், வேலை போன மாதத்திலும், வீட்டில் குரல் கேட்டால் போதும் என்று ஓடவிட்ட தொடர். திரையில் வருகிறவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள். நெருக்கம் ஒருபக்கம்தான். அதற்காக இழப்பு பொய்யாகிவிடாது.

சிக்கல் என்னவென்றால், ரசிகருக்குத் துக்கம் விசாரிக்கப் போக ஒரு வாசல் கிடையாது. நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் பெட்ஃபோர்ட் தெருவும் குரோவ் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு கட்டடம் இருக்கிறது. தொடரில் நண்பர்களின் வீடாக வெளியிலிருந்து காட்டப்படுவது அதுதான். உள்ளே ஒரு காட்சியும் எடுக்கவில்லை. படப்பிடிப்பு பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் ஸ்டுடியோவில். அவர் இறந்ததும் நாட்டின் மறுகோடியில். இதெல்லாம் தெரிந்தும் மக்கள் அந்த முனைக்குத்தான் பூங்கொத்துகளோடும் கையால் எழுதிய கடிதங்களோடும் வந்தார்கள். போய் நிற்க அவர்களுக்கு வேறு இடம் ஏது?

அழுகை ஓய்ந்த பிறகு பலரும் தொடரை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அங்கேதான் அடுத்த வேதனை ஆரம்பிக்கிறது. 1997இல் ஜெட் ஸ்கீ விபத்துக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கி, ஒரு கட்டத்தில் நாளைக்கு 55 மாத்திரை வரை போனதாக அவரே தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். சீசனுக்குச் சீசன் தன் உடம்பைப் பார்த்தாலே தெரியும் என்கிறார்: எடை ஏறியிருந்தால் குடி, மெலிந்திருந்தால் மாத்திரை, குறுந்தாடி இருந்தால் ஏகப்பட்ட மாத்திரை. இதைப் படித்தபின் அந்த முகத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ஏழாவது சீசன் கடைசியில் மோனிகாவுக்கும் சாண்ட்லருக்கும் கல்யாணம். எத்தனை பேர் ஆனந்தக் கண்ணீர் விட்ட காட்சி! அந்த நாட்களில் அவர் மறுவாழ்வு மையத்தில் இருந்தார். மாப்பிள்ளைக் கோலம் கலைந்ததும் திரும்பிப் போனது அங்கேதான். மூன்றாவது சீசனுக்கும் ஆறாவது சீசனுக்கும் நடுவில் மூன்று வருடம் தனக்கு நினைவிலேயே இல்லை என்று 2016இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். நமக்கு வசனம் வசனமாக நினைவிருக்கும் வருடங்கள் அவை.

2021இல் ஆறு பேரும் மீண்டும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய நிகழ்ச்சியில், அரங்கில் பார்வையாளர்கள் சிரிக்காவிட்டால் உயிரே போய்விடும்போல இருக்கும், வியர்த்துக் கொட்டும் என்றார் பெர்ரி. இதை எங்களிடம் சொன்னதே இல்லையே என்றார் லிசா குட்ரோ. பத்து வருடம் பக்கத்திலேயே நின்று நடித்தவருக்கே தெரியவில்லை.

"கையில் காசு இருந்தது, ஆடினார், போய்விட்டார்" என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. போதையிலிருந்து மீளுவதற்கு மட்டும் சுமார் 90 லட்சம் டாலர் செலவழித்தவர் அவர். பெருங்குடல் வெடித்து, இரண்டு வாரம் கோமாவில் கிடந்து, பிழைத்து வந்தவர். கெட்டமைன் என்ற மயக்க மருந்தின் கடும் விளைவால் மரணம் நேர்ந்தது என்று உடற்கூறாய்வு சொன்னது. நீரில் மூழ்கியதும் துணைக் காரணம். 2024இல் வழக்குப் பதிவானது ஐந்து பேர் மீது. இரண்டு மருத்துவர்களும் அவருடைய சொந்த உதவியாளரும் அதில் உண்டு. ஐந்து பேருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தூக்கிவிட வேண்டிய கைகளே ஊசியை நீட்டியிருக்கின்றன. இதில் அவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமா?

இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு அவர் ஒன்று கேட்டிருந்தார். யாராவது வந்து, என்னால் குடியை நிறுத்த முடியவில்லை, உதவி செய்வீர்களா என்று கேட்டால், செய்கிறேன் என்று சொல்லிக் கூடவே நிற்க முடிவதுதான் தன்னிடம் உள்ள மிக நல்ல விஷயம். தான் செத்தபிறகு 'ஃப்ரண்ட்ஸ்' முதலில் வர வேண்டாம், இது முதலில் வரட்டும் என்றார். வெறும் பேச்சில்லை. மாலிபுவில் தான் வாழ்ந்த வீட்டையே போதையிலிருந்து மீளும் ஆண்கள் தங்கும் இல்லமாக மாற்றியவர். ஆனாலும் அவர் இறந்த மறுநாள் தலைப்புச் செய்திகளைப் பார்த்தீர்களா? எல்லாவற்றிலும் 'ஃப்ரண்ட்ஸ் நடிகர்'. பத்திரிகைகளைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயரில்தான் அவரை உலகத்துக்குத் தெரியும். அந்த வேண்டுதலைத் தேடியெடுத்து நாள்கணக்கில் பரப்பியவர்கள் ரசிகர்கள்தான். அவர் இறந்த ஒரு வாரத்துக்குள், போதைப் பழக்கத்தோடு போராடுகிறவர்களுக்கு உதவ அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டுவிட்டது.

அவருடைய நூலைப் படித்துவிட்டுத்தான் குடியை விட்டேன் என்று சொல்கிற ஒருவர் எங்காவது இருந்தால், அஞ்சலிக் கூட்டத்தில் அவர் முதலில் பேசட்டும். சாண்ட்லரின் நகைச்சுவையைப் பற்றி நாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அது எங்கும் போய்விடாது, 236 எபிசோடும் இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.