கண்ணம்மா என்று கூப்பிட்டால்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதுவும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர் கிடையாது, வாசலில் நின்றுகொண்டு உள்ளே விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற பெயர். கண்ணம்மா.

சொன்னதுமே பாரதி ஞாபகம் வருகிறது, இல்லையா? ஆனால் கண்ணே, கண்ணம்மா என்று கொஞ்சுவது அவருக்கு முன்பே நம் வீடுகளில் இருந்ததுதான். நாலு வயசுப் பிள்ளையிடம் "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்கிறோமே, பெற்ற மகளையே அம்மா ஆக்கிவிடுகிற அந்தப் பழக்கமும், உடம்பிலேயே பொத்திப் பாதுகாக்கிற உறுப்பான கண்ணும் சேர்ந்த பெயர் இது.

பாரதியின் 'கண்ணன் பாட்டு' 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் முயற்சியால் புத்தகமாக வந்தது. மொத்தம் 23 பாட்டு. கண்ணன் தோழன், தாய், தந்தை, சேவகன், அரசன், சீடன், குரு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறான், எட்டாவது பாட்டில் பார்த்தால் பெண் குழந்தையாகிவிடுகிறான்! ஆழ்வார்கள் தாங்கள் பெண்ணாகி நின்று கண்ணனைப் பாடினார்கள். பாரதி கண்ணனையே பெண்ணாக்கி மடியில் வைத்துக்கொண்டார். அங்கேதான் 'சின்னஞ் சிறு கிளியே' பிறக்கிறது. அப்புறம் அதே கண்ணம்மா காதலியாகிறாள், கடைசிப் பாட்டில் குலதெய்வமாகவும் ஆகிறாள்.

எனக்கு அந்தக் குழந்தைப் பாட்டில் ஓர் இடம் வந்தால் குரல் கொஞ்சம் தடுமாறும்.

"உன்கண்ணில் நீர்வழிந்தால் - என்னெஞ்சில்
உதிரங் கொட்டுதடீ;
என்கண்ணிற் பாவையன்றோ? - கண்ணம்மா!
என்னுயிர் நின்னதன்றோ?"

பாவை என்றால் பொம்மை, கண்ணின் கருமணிக்கும் அதுதான் பெயர். குழந்தையின் முகத்துக்குக் கிட்டே போய்ப் பாருங்கள், அதன் கருமணியில் நம் உருவம் குட்டியாகத் தெரியும், அதற்கும் அப்படித்தான் நம் கண்ணுக்குள் தன் உருவம் தெரியும். கண்ணம்மா என்ற பெயருக்குள் இருக்கிற கண்ணை அவர் இந்த நாலு வரியில் எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். காதலி பாட்டிலும் அவர் முதலில் பார்ப்பது விழியைத்தான், "சுட்டும் விழிச்சுடர் தான் - கண்ணம்மா!" என்றுதான் தொடங்குகிறார்.

இப்போது குழந்தைக்குப் பேர் வைக்கும்போது இலக்கியத்தில் தேடுகிறோம், நல்ல விஷயம்தான், ஆனால் பல பெயர்களை நாம் விளக்கம் சொல்லித்தான் மற்றவர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. கண்ணம்மாவுக்கு அது வேண்டாம்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாரதியை அவர் படித்ததே இல்லை. அவர் மகளும் கண்ணம்மா, பேத்தியும் கண்ணம்மா, தெருவில் கீரை விற்க வரும் அம்மாவும் "இங்க வா கண்ணம்மா"தான். புரை விழுந்து பார்வை மங்கின பிறகு, யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் முதலில் கையை நீட்டி முகத்தைத் தடவிப் பார்ப்பார். என் மகள் பிறந்த பதினாறாம் நாள், அவளைத் தூக்கி அந்த மடியில் வைத்தோம். நெற்றி, மூக்கு, கன்னம் என்று விரல் மெதுவாக இறங்கியது, மூடியிருந்த இமைமேல் வந்ததும் நின்றுவிட்டது. நாங்கள் அதுவரை பேரே வைத்திருக்கவில்லை. பாட்டி கூப்பிட்டுவிட்டார்.