எத்தனை மணிக்கு எழுந்தான்?

(சென்னையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில், இளையோரின் தூக்கச் சிக்கல்களுக்குச் சிகிச்சை அளித்து ஆய்வும் செய்துவரும் மருத்துவ உளவியலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அனைவருக்கும் மாலை வணக்கம்.

டியூஷன் முடிந்து வரும் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டிய நேரம் இது. அந்த வேலையை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். நடுவில் யாராவது கண்ணயர்ந்தால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தலைப்புக்கு அதைவிட நல்ல கைதட்டல் கிடையாது.

என்னிடம் வரும் பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது, "இவனைச் சீக்கிரம் தூங்க வைப்பது எப்படி?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான்?" அதற்கு அம்மா, "பள்ளி நாளிலா, ஞாயிற்றுக்கிழமையிலா?" என்பார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

தூங்கு என்று யாரையும் கட்டளையிட முடியாது. எழுந்திரு என்று சொல்ல முடியும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவ உளவியலாளரையும் மனநல மருத்துவரையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். எனக்கு அந்த உரிமை இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்று, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருகிறவள் நான். வாரத்தில் சில நாள் சிகிச்சை, மற்ற நாள் ஆய்வு. ஆய்வு என்றதும் குழாயும் குடுவையும் நினைவுக்கு வர வேண்டாம். பிள்ளை தேறியது என் சிகிச்சையாலா, பொதுத்தேர்வு முடிந்துபோனதாலா என்று பிரித்துப் பார்க்கும் வேலை அது. ஏப்ரல் மாதத்தில் சென்னையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம் தானாகவே வந்துவிடும். அதற்கு நான் பெயர் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதனால்தான் சிகிச்சை பெறாமல் காத்திருக்கும் பிள்ளைகளையும் அதே மாதங்களில் அளந்து, இரண்டையும் ஒப்பிடுகிறோம்.

இனி உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். அலெக்சாண்டர் போர்பேய் என்ற சூரிச் நகர அறிஞர் 1982இல் ஒரு விளக்கம் தந்தார். இன்றும் எங்கள் துறை அதன் மேல்தான் நிற்கிறது. தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருவது இதில் ஒரு பங்கு. இன்னொன்று, ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் உடல் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். இருட்டும் வேளையில், இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்யும். இரண்டும் ஒத்துப்போனால் தூக்கம் வரும்.

பருவ வயதில் இரண்டுமே மாறுகின்றன. கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது, அதாவது தூக்கம் வரும் நேரம் தாமதமாகிறது. அழுத்தமும் மெதுவாகவே சேருகிறது. அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் என்ற தூக்க ஆய்வாளர் 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடைக்கால முகாம் நடத்தி, அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து, அவர்கள் தூங்கும் நேரத்தை அளந்தார். வளர வளரத் தூக்கத் தேவை குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறையவில்லை. சிறியவர்களும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் தூங்கினார்கள். பருவமடைந்த பிள்ளைகளுக்குப் பகலில் தூக்கக் கலக்கம் கூடியிருந்தது. 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. ஆகவே பதினாறு வயதுப் பையன் இரவு பத்தரைக்குத் தூக்கம் வராமல் கிடந்தால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் உடம்பில் அப்போதுதான் இரவு தொடங்குகிறது.

இதோடு நம் ஊர்ப் பழக்கம் ஒன்று வந்து மோதுகிறது. விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்பது நம் வீடுகளில் மறுபேச்சில்லாத உண்மை. என் பாட்டியும் அதையே சொன்னார். எட்டு மணிக்கு ஊர் அடங்கிய காலத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கும். நாலு மணிக்கு எழுந்தாலும் எட்டு மணி நேரம் ஆகியிருக்குமே. இப்போது பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டு நாலு மணிக்கு எழுகிறார்கள். ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் பகுதியில் அதிகம். கண்கள் மூடிய இமைக்குள் அசையும் கனவுத் தூக்கம் கடைசிப் பகுதியில் அதிகம். நாலு மணி அலாரம் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வெட்டி எறிகிறது. முந்தின நாள் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். படிப்பதற்காகப் படித்ததைத் தொலைக்கும் வேலையை எல்லாரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் பல பிள்ளைகளின் விவரங்களைக் கலந்து சொல்கிறேன். பிளஸ் டூ படிப்பவன், வேளச்சேரிப் பக்கம் அடுக்குமாடி வீடு. தனி அறை, ஏசி, கட்டில். படிப்பது கட்டிலில், லேப்டாப் கட்டிலில், மாலை டிபனும் கட்டிலில். பத்தரைக்கு அப்பா விளக்கை அணைத்துவிடுவார். அரை மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து, "தூங்கிவிட்டாயா?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பையன் இரண்டு மணி வரை புரள்வான். நாலரைக்கு அம்மா எழுப்புவார். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்கு எழுவான். வாரந்தோறும் சனிக்கிழமை லண்டனுக்குப் போய்த் திங்கட்கிழமை காலையில் சென்னை திரும்பினால் உடம்பு என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு.

நாங்கள் முதலில் கொடுப்பது ஒரு தாள். தூக்க நாட்குறிப்பு. எப்போது படுத்தாய், தோராயமாக எப்போது தூங்கினாய், எப்போது எழுந்தாய், மாலையில் காபி குடித்தாயா என்று இரண்டு வாரம் எழுத வேண்டும். ஆய்வில் இருப்பவர்களுக்கு மணிக்கட்டில் ஆக்டிகிராஃப் என்ற அசைவுமானியும் கட்டுவோம். பிறகு ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் முன்வைத்த முறை: கட்டில் தூங்குவதற்கு மட்டும். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்; கண் சொக்கும்போது திரும்பு. அதோடு ஆர்தர் ஸ்பீல்மன் என்ற இன்னொரு உளவியலாளர் 1987இல் விளக்கிய முறை: உண்மையில் எவ்வளவு தூங்குகிறாயோ, ஏறத்தாழ அவ்வளவு நேரமே படுக்கையில் இரு.

இந்தப் பையனைப் பன்னிரண்டேகாலுக்குப் படுத்து ஆறேமுக்காலுக்கு எழச் சொன்னேன், ஞாயிறு உட்பட. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தூக்கம் வரவில்லை என்று வந்தால், இன்னும் தாமதமாகப் படுக்கச் சொல்கிறீர்களே!" நியாயமான கோபம். ஆனால் படுக்கையில் புரளும் நேரம் தூக்கக் கணக்கில் சேராது. கட்டிலில் கிடந்து விழித்திருக்கும் ஒவ்வொரு இரவும், கட்டில் என்றால் விழித்திருக்கும் இடம் என்று மூளைக்குப் பாடம் எடுக்கிறது. அந்தப் பாடத்தை மறக்கடித்து, தூக்கம் ஒரே துண்டாகச் சேர்ந்த பின், பதினைந்து பதினைந்து நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துவோம். வளரும் பிள்ளைகளிடம் நேரத்தைக் கடுமையாகக் குறைப்பதில்லை. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ இருந்தால் இந்த வழியே போக மாட்டோம். முதல் சில வாரம் பகலில் சொக்கும்; அப்போது ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துவிடச் சொல்வேன். வீட்டில் நீங்களே பரிசோதித்துப் பார்க்கும் வேலை அல்ல இது.

வெளிச்சம் மட்டும் இலவசம். சென்னையில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் உதித்துவிடுகிறது. எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நின்றால் கடிகாரம் முன்னுக்கு நகரும். வடநாட்டு ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் இதற்காகப் பணம் கொடுத்து விளக்கு வாங்குகிறார்கள்.

இப்போது வியாசர்பாடியில் ஓர் ஒற்றை அறை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஒரு மின்விசிறி. அப்பா ஆட்டோ ஓட்டிவிட்டு நள்ளிரவில் வருவார். அவர் சாப்பிடும்போது விளக்கு எரியும். "எழுந்து வேறு அறைக்குப் போ" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் நான் சொன்னால் என் படிப்பைப் பார்த்து அவள் சிரிப்பாள். எங்கள் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் மேல்நாட்டிலிருந்து வந்தவை. ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில் உண்டு என்று அவை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் வேடிக்கை பாருங்கள்: பூட்ஸின் சொன்ன முறைக்கு வேளச்சேரிக் கட்டிலைவிட வியாசர்பாடிப் பாய் தோதானது. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தால் படுக்கை என்பதே வீட்டில் இல்லை. அதில் படுத்துப் படிக்க முடியாது, டிபன் சாப்பிட முடியாது. இரவில் தூக்கம் வராவிட்டால் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார். பாய் மேல் கிடக்காதே. இவ்வளவு போதும். அந்தப் பெண்ணுக்கு மனதில் கோளாறு இல்லை. கொசுவும் புழுக்கமும் சத்தமும்தான் இருந்தன. அதை நோய் என்று நான் கோப்பில் எழுதினால் என் கோப்புக்குத்தான் சிகிச்சை தேவை.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டுகிறது. பொருளாதார அறிஞர்கள் சிலர் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குத் தரவுப் பதிவு வேலை கொடுத்து, மணிக்கட்டுக் கருவியால் தூக்கத்தை அளந்தார்கள். முடிவுகள் 2021இல் வெளியாயின. அவர்கள் இரவில் படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். காதடைப்பான், கண்மறைப்பு, ஊக்கத்தொகை எல்லாம் தந்ததில் இரவுத் தூக்கம் ஏறத்தாழ 27 நிமிடம் கூடியது. அதனால் வேலையிலோ கவனத்திலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் வேலையிடத்தில் அமைதியான மூலையில் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டவர்களுக்கு வேலைத்திறன் கூடியது, மனநிலையும் மேம்பட்டது. அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும், நிறைய நேரம் படுக்கையில் கிடப்பதற்கும் தூங்குவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் அளந்து காட்டியதில்லை.

கைபேசியைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை என்று முன்வரிசையில் சிலர் பொறுமை இழப்பது தெரிகிறது. பேசிவிடுகிறேன். 2015இல் வெளியான ஆய்வொன்றில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் மின்திரையில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். மறுநாள் மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. தள்ளிப்போவது உண்மை. ஆனால் இரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளையின் கதை முழுவதையும் ஒளி விளக்காது. தூக்கம் வராததால் கைபேசியை எடுத்த பிள்ளைகளும் உண்டு. பிடுங்கி வைத்துவிட்டால் அந்த இருட்டில் அவன் தேர்வைப் பற்றிய பயத்தோடு தனியாக இருப்பான். என் கணிப்பில் மாலை ஆறு மணி ஃபில்டர் காபியைப் பிடுங்குவது இதைவிடப் பயனுள்ளது. குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

பயம் என்றேன். மனக்கவலை தீர்ந்தால் தூக்கம் தானாக வரும் என்று நாங்களும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். டேனியல் ஃப்ரீமன் என்ற உளவியலாளரின் குழுவினர் பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களின் 3,755 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. இணையவழியில் தூக்கமின்மைக்கு இதே வகைச் சிகிச்சை தந்தார்கள். தூக்கம் சரியானதோடு, பிறர் மீதான சந்தேக எண்ணங்களும் மாயக்காட்சி அனுபவங்களும் குறைந்தன. அதற்கு இரண்டாண்டு முன் நெதர்லாந்தில் 116 வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வில், குழுவாகச் சந்தித்தும் இணையவழியிலும் சிகிச்சை பெற்ற இரு சாராரும் காத்திருந்தவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு வயது வந்தோரிடம் மாத்திரைக்கு முன், பேச்சாலும் பயிற்சியாலும் தரும் இந்தச் சிகிச்சையைத்தான் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் சொல்லிவிட்டது. மெலடோனின் கடையில் கிடைக்கிறதே என்பீர்கள். எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கடிகாரத்தை முன்னுக்கும் தள்ளும், பின்னுக்கும் தள்ளும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

எல்லாத் தூக்கக் குறைவும் என்னிடம் வர வேண்டியதும் அல்ல. தினமும் குறட்டை விட்டு மூச்சுத் திணறும் பிள்ளையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்ததும் கால் குடைகிறது, அசைக்காமல் இருக்க முடியவில்லை என்று பெண் பிள்ளை சொன்னால் இரும்புச் சத்தைப் பாருங்கள். தூங்காத பிள்ளை, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நாட்குறிப்புக்காக இரண்டு வாரம் காத்திராதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸை 14416 என்ற எண்ணில் அன்றைக்கே அழையுங்கள்.

பின்வரிசையில் டியூஷன் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள், மாணவர்களின் அன்றாடத் தூக்கம் 34 நிமிடம் கூடியது. இந்தச் சலுகையை வைத்துப் பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள். கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் பள்ளிகள் பலவும் அந்த நேரத்துக்குத்தான் தொடங்குகின்றன. அதைக் கெடுப்பது காலை ஐந்தரை மணி இயற்பியல் டியூஷன் வகுப்பு. அதே பாடத்தை மாலை ஐந்தரைக்கு எடுங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அப்போது விழித்திருப்பார்கள். கட்டணம் குறையாது.

வாசலில் மேசை மேல் நாட்குறிப்புத் தாள்கள் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையே நிரப்பட்டும், நீங்கள் நிரப்ப வேண்டாம், திருத்தவும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதில்லை, காலையில் எழுந்ததும் தோராயமாக எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அப்பா அம்மாவுக்கென்று தனித்தாளும் இருக்கிறது. பையன் கேட்டால் அதையும் அவனிடம் காட்ட வேண்டும்.