கசியும் வால்வை மாற்றுவதற்கு முன்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு, கீழறை சுருங்கும்போது இறுக மூடிக்கொள்ள வேண்டும். அது சரியாக மூடாவிட்டால், உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்கே திரும்பி, அந்த அழுத்தம் நுரையீரல்வரை ஏறுகிறது. இளம் வயதினருக்கு இக்கசிவு வர முக்கியக் காரணம், சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். வயதானவர்களுக்கு, இதழ்களை இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய நாண்கள் நீண்டுவிடுவதாலோ அறுந்துவிடுவதாலோ வருகிறது.

"மேடு ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருக்கு" என்று சொல்லும் பெண்களுக்கு இரத்தசோகை மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, இதயத் துடிப்போடு முணுமுணுப்பு போன்ற ஓசை இருந்தால் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை, எடுக்க வேண்டும்.

கசிவு கடுமையானது என்று தெரிந்த பிறகும், "மூச்சுத்திணறல் இல்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் பலர். கசியும் வால்வுள்ள இதயம் பின்பக்கமும் இரத்தத்தைத் தள்ளுவதால், அதன் சுருங்கும் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற அளவு) எக்கோவில் உண்மையைவிட நன்றாகவே தெரியும். மற்றவர்களுக்குக் கவலை தராத 60 சதவீதம் என்ற அளவு, நாண் அறுந்து கடுமையாகக் கசியும் இதயத்தில் தசை தளரத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம். தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும், அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுத்தாக வேண்டும்.

உலோக வால்வு பொருத்தினால், இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட்டு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கோ அந்த மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். விலங்குத் திசு வால்வுக்கு அந்த மாத்திரை நீண்ட காலம் தேவைப்படாது என்றாலும், இளம் வயதில் அது விரைவில் தேய்ந்து மறுபடியும் அறுவை சிகிச்சை வேண்டியதாகிவிடுகிறது. ஆகவே, சொந்த வால்வையே சீரமைக்க முடியுமா என்பதுதான் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து.

இச்சிகிச்சைக்கு முறையான வடிவம் தந்தவர் பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் ஆலன் கார்பென்டியர். அவர் 1983-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறைக்கு வழிகாட்டி. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தை நிறுத்தி, தொங்கும் இதழ்ப் பகுதியை வெட்டித் தைத்து, அறுந்த நாணுக்குப் பதிலாக கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழையைக் கட்டி, விரிந்த வாய்ப்பகுதியைச் சுற்றி ஒரு வளையத்தைத் தைப்பார்கள். பிறகு கீழறைக்குள் உப்பு நீரைச் செலுத்துவார்கள். இரண்டு இதழ்களும் உப்பி எழுந்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ஒரு சொட்டும் மேலே வராமல் நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும், உணவுக்குழாய் வழியே எக்கோ எடுத்து இன்னொரு முறை உறுதி செய்வார்கள்.

நாண் அறுந்த வால்வைச் சீரமைத்தால் பலன் நன்றாக நீடிக்கும். ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் தடித்துச் சுருங்கியிருந்தால் வேலை கடினம். சில வால்வுகளை மாற்றத்தான் வேண்டும், சீரமைத்தவற்றிலும் சில மறுபடி கசியக்கூடும். எனவே, இவ்வேலையில் நல்ல பழக்கமுள்ள மருத்துவக் குழுவிடம் செல்வது முக்கியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், எந்த மருத்துவமனையில் அதைப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான வால்வுக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகும், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்தக் கூடாது. பலருக்கு அது 40 வயதுவரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். பல் பிடுங்கப் போகும்போது, வால்வில் வளையம் வைத்திருப்பதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.