பேரேட்டில் எழுதிவைத்த எடை

[காட்சி: மேசைமீது விரித்த பழைய பேரேடு. மைப்பேனாவால் எழுதிய கட்டங்கள்மீது கேமரா மெதுவாக நகர்கிறது.]

வரிக்கு ஒரு குழந்தை. பிறந்த தேதி, பிறந்தபோது எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஒரு வயது நிறையும்போது எடை. இப்படிப் பக்கம் பக்கமாக, வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இடம், லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஹெர்ட்ஃபோர்டுஷயர். காலம், 1911. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களில் பலர் நோஞ்சான்களாக இருந்ததைக் கண்டு பிரிட்டன் கவலைப்பட்டிருந்தது. கைக்குழந்தைகளின் இறப்பும் அதிகம். எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற தலைமைச் சுகாதாரச் செவிலியர், தன் பகுதியில் பிறக்கும் குழந்தைகளை எடை போட்டுக் குறித்துவைக்க ஏற்பாடு செய்தார். செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். பால் எப்படிக் கொடுப்பது, குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தாய்மாருக்குச் சொன்னார்கள். முதல் பிறந்த நாள் வாக்கில் மறுபடி எடை போட்டார்கள். அந்தக் குழந்தை பிழைக்க வேண்டும், தேற வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அறுபது வருடம் கழித்து அவனுக்கு மாரடைப்பு வருமா என்பது அவர்கள் நினைப்பிலேயே இருந்திருக்காது.

[காட்சி: இங்கிலாந்து வரைபடம். சில பகுதிகள் சிவக்கின்றன.]

இனி 1980-களுக்கு வருவோம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், கிளைவ் ஆஸ்மண்ட் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, 1920-களில் கைக்குழந்தைகள் அதிகம் இறந்த பகுதிகள். மற்றது, சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து இதயநோயால் பெரியவர்கள் அதிகம் இறந்த பகுதிகள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

மாரடைப்பைப் பணக்கார நோய் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வெண்ணெயும் இறைச்சியும் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறவனுக்கு வருவது என்றார்கள். அப்படியென்றால் ஏழைப் பகுதிகளில் ஏன் அதிகம்?

வரைபடத்தை வைத்து ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம், ஒரு மனிதனைப் பற்றிப் பேச முடியாது. பிறந்தபோது இன்ன எடை இருந்த இன்ன ஆள் பிற்காலத்தில் எதனால் இறந்தார் என்று தெரிய வேண்டும். பழைய பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்க்கரின் குழு நாடெங்கும் அலைந்தது. அப்போது கையில் கிடைத்தவைதான் பர்ன்சைடின் பேரேடுகள்.

முதலில் ஆண்களைத்தான் தேடினார்கள். திருமணமானதும் பெண்களின் குடும்பப் பெயர் மாறிவிடுவதால் அவர்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் கதி தெரியவந்தது. 1989-இல் முடிவுகள் வெளியாயின. நாட்டின் சராசரி இதயநோய் இறப்பை 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு வயதில் 8.2 கிலோ அல்லது அதற்கும் குறைவாக இருந்தவர்களிடம் அது 111. 12.3 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களிடம் வெறும் 42.

பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். நோயாளிகளைப் பிரித்துக் காட்டும் கோடு என்று நடுவில் ஒன்றும் இல்லை. எடை ஏற ஏற, படிப்படியாக ஆபத்து இறங்கியது.

[காட்சி: வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் கோட்டோவியம்.]

காரணம் என்ன? தாயிடமிருந்து வரும் சத்து குறையும்போது, குழந்தை இருப்பதைப் பங்கிட்டுக்கொள்கிறது. முதல் பங்கு மூளைக்கு. மற்ற உறுப்புகள் விட்டுக்கொடுக்கின்றன. சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை வடிகட்டுகிற நெஃப்ரான்கள் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை பெரிதும் மாறுபடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன்பிறகு புதிதாக ஒரு நெஃப்ரான்கூட உருவாவதில்லை. கொண்டுவந்ததை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். குறைவாகக் கொண்டுவந்தால் ஒவ்வொன்றுக்கும் வேலை கூடும். பிற்காலத்தில் ரத்த அழுத்தம் ஏற இது ஒரு வழி என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இன்சுலின் சுரக்கிற கணையத்துக்கும் இப்படிப்பட்ட நெருக்கடி உண்டு.

வயிற்றில் இருக்கும்போது ஏற்படும் சத்துக் குறைவே பிற்கால நோய்க்கு வித்து என்ற பார்க்கரின் கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஏழை வீட்டில் எடை குறைந்து பிறந்தவன் வளர்ந்தபின்னும் ஏழையாகவே இருந்திருப்பான், புகை பிடித்திருப்பான், நல்ல உணவு கிடைத்திருக்காது, அதனால்தான் நோய் வந்தது என்றார்கள். நியாயமான கேள்விதான். வேறு ஊர், வேறு வாழ்க்கை, வேறு உணவு உள்ள மக்களிடமும் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

[காட்சி: மைசூர் நகரத் தெரு. பழைய மருத்துவமனைக் கட்டடம்.]

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையும் 1934 முதல் பிறப்பு விவரங்களைப் பாதுகாத்து வைத்திருந்தது. அங்கே 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்து, அந்தப் பகுதியிலேயே வாழ்ந்துவந்த 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2.5 கிலோ அல்லது அதற்குக் குறைவாகப் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான். 1996-இல் வெளியான இந்த முடிவு, நம் பக்கத்து ஊரின் கணக்கு.

ஆனால் நீரிழிவு நோயில் மைசூர் வேறு ஒன்றையும் காட்டியது. அங்கே அந்த நோய் வந்தவர்கள் பிறந்தபோது உயரம் குறைந்து, குண்டாக இருந்தவர்கள். அவர்களுடைய தாய்மாரும் எடை கூடியவர்கள். ஆகவே, குழந்தை பெரிதாகப் பிறந்தால் போதும் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால், அது குழந்தைக்கும் போகிறது. குழந்தை பருக்கிறது. அந்தப் பருமன் ஆரோக்கியம் ஆகாது.

இந்தப் புதிரைப் புணே மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் இன்னும் ஆழமாகப் பார்த்தார். புணேக்கு அருகே ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தோலை மெல்ல மடித்துப் பிடித்து அளக்கும் கருவியால் கொழுப்பையும் அளந்தார்கள். நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை! பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. 'ஒல்லியாகத்தானே இருக்கிறார், இவருக்கா சர்க்கரை?' என்று நாம் வியக்கிற எத்தனையோ பேரின் கதை இங்கே தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

[காட்சி: குழந்தையின் வளர்ச்சிக் கோடு. இரண்டு வயதுவரை தாழ்ந்து, பிறகு செங்குத்தாக ஏறுகிறது.]

பிறப்போடு கதை முடிவதும் இல்லை. டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்து எடை போட்டுவந்த சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேரை, முப்பது வயதை ஒட்டிச் சோதித்தார்கள். சர்க்கரைக் கோளாறு தொடங்கியிருந்தவர்கள், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து பிறகு மளமளவென்று எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் யாரையும் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டோம். இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. மெலிந்த பிள்ளையைப் பார்த்ததும் பிஸ்கட்டும் இனிப்பும் ஊட்டித் 'தேற்ற'ப் பார்க்கிறோமே! முதல் இரண்டு ஆண்டுகளில் தாய்ப்பாலும் பருப்பும் முட்டையும் கீரையும் கிடைத்து வளர்வது ஒன்று. பள்ளி வயதில் தின்பண்டத்தால் ஊதுவது முற்றிலும் வேறொன்று.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். 'ரொம்பச் சாப்பிடாதே, பிள்ளை பெரிதாகிவிட்டால் பிரசவம் கஷ்டம்' என்று கர்ப்பிணிகளிடம் சொல்வதைக் கேட்டே நான் வளர்ந்தேன். பிரசவத்தில் பெண்கள் மாண்ட காலத்தின் பயம் அது, சொன்ன பாட்டிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்று அந்தப் பயத்துக்காக ஒரு பெண்ணின் தட்டில் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. அவள் தட்டில் எப்போதும் கடைசியில் மிச்சம்தான் விழுகிறது என்றால், அதைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். குழந்தை எடை குறைந்து பிறந்தால் தாயைக் கைகாட்டுகிற வழக்கமும் ஒழிய வேண்டும். அவளும் ஒரு காலத்தில் யாரோ ஒருத்தி வயிற்றில் இருந்தவள்தான், அங்கே என்ன கிடைத்ததோ!

கர்ப்பிணிக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி நம் ஊரிலேயே இருக்கிறது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று பல்லாண்டு போராடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிறாக வர வேண்டும் என்றுகூட இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140-ஐ எட்டினால் கவனிக்க வேண்டும். தூரத்துக் கிராமத்திலிருந்து காலையில் ஏதோ சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற பெண்ணை, 'நாளைக்கு வெறும் வயிற்றோடு வா' என்று திருப்பி அனுப்பினால் அவள் வராமலே போய்விடலாம். அதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

[காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம். எடைக் கருவியின் முள் ஆடி நிற்கிறது. செவிலியர் அட்டையில் எழுதுகிறார்.]

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் பிக்மி எண் கொடுக்கிறார்கள். அதோடு தாய் சேய் நல அட்டையும் வரும். கிராம சுகாதார செவிலியர் அதில் எழுதும் ஒவ்வோர் எண்ணும், பர்ன்சைடின் செவிலியர்கள் எழுதியதைப் போன்றதுதான். பரிசோதனைக்குப் போகும்போது எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை நான்கையும் எழுதினார்களா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். குழந்தை பிறந்ததும் எடையைக் குறிக்கச் சொல்லுங்கள். தடுப்பூசிகள் முடிந்துவிட்டன என்று அட்டையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பத்திரம் இருக்கிற பையிலேயே வையுங்கள். முப்பது வயதில் உங்கள் மகளுக்கு முதல்முறையாக ரத்த அழுத்தம் பார்க்கும்போது, 'நீ பிறந்தப்போ இவ்வளவு இருந்தாய்' என்று எடுத்துக் கொடுக்க அது இருக்கட்டும்.