ஓம வாசமும் வைரஸ் கணக்கும்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கொரோனா நேரத்தில் நம்ம ஊரில் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிக்காத வீடு உண்டா? வாசம் மூக்கில் ஏறினாலே கிருமி செத்தது என்று ஒரு நம்பிக்கை. வாசம் வேறு, வைரஸ் சாவது வேறு. அதை எண்ணித்தான் சொல்ல முடியும்.

வைரஸையும் எண்ணெயையும் குறிப்பிட்ட நேரம் கலந்து வைத்து, அப்புறம் எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். பத்து லட்சத்தில் 99 சதவீதம் செத்தாலும் 10,000 மிஞ்சும். அதனால்தான் கிருமிநாசினி வைரஸைக் கொல்கிறதா என்று சோதிக்கும் ஐரோப்பியத் தரமான ஈ.என். 14476, பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது என்கிறது.

எண்ணுவதிலும் ஏமாறலாம், நாங்கள் ஏமாந்தோம். ஈகோலை பாக்டீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 என்ற வைரஸ் (மனிதரை ஒன்றும் செய்யாது), அதைக் கிராம்பு எண்ணெயில் கலந்து, ஈகோலையோடு சேர்த்துத் தட்டில் ஊற்றினோம். வைரஸ் இருந்தால் பாக்டீரியாப் படலத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். மறுநாள் ஒரு ஓட்டையும் இல்லை. பையன்கள் டீ வாங்கவே கிளம்பிவிட்டார்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓட்டை விழுவதற்குப் படலமே இல்லை! கூடவே போன எண்ணெய் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. வைரஸ் அதுபாட்டுக்கு இருந்திருக்கலாம். எண்ணெய் மட்டும் விட்ட தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்காதது எங்கள் தப்பு.

சரி, எல்லா வைரஸும் ஒரே ரகமில்லை. கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் வெளியே கொழுப்புச் சட்டை உண்டு. கிராம்புக்கு வாசம் தரும் யூஜினால், ஓமத்துக்கு வாசம் தரும் தைமால் எல்லாம் அந்தக் கொழுப்பில் புகுந்து குலைக்கக் கூடியவை. வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸுக்குச் சட்டையே கிடையாது, லேசில் மசியாது. தைமால் கிருமிநாசினிகளை அமெரிக்காவில் அரசே பதிவு செய்கிறது, ஆனால் சிலவற்றுக்குத் துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். நம்ம மே மாத வெயிலில் திண்ணை ரெண்டு நிமிடம் ஈரம் தாங்குமா? இன்னொன்று, எண்ணெய் தண்ணீரில் கரையாது. வாளியில் நாலு சொட்டு விட்டால் தனியாகப் பிரிந்து நிற்கும், தரைக்குப் போவது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான்.

முன்வரிசையில் ஒரு ஆச்சி, "அப்ப ஓமத்தைத் தூர எறியவாய்யா?" என்றார்கள். வேண்டாம் ஆச்சி, வயிற்றுக்கு வையுங்கள். கைக்குச் சோப்பு போதும், அதுவும் அதே கொழுப்புச் சட்டையைத்தான் கிழிக்கிறது. தரைக்கு ப்ளீச்சிங் பவுடர். அதோடு கக்கூஸ் ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும்.