பொறியியலுக்குப் பின் மருத்துவம்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் துறையான உயிர்மருத்துவப் பொறியியலில் பட்டம் பெற்றவர்கள் மருத்துவமும் பயில விரும்பினால், அந்த விருப்பத்தை நாம் முழுமனத்துடன் ஆதரிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

செயற்கை இதய வால்வை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். பல ஆண்டுகள் தேயாமல் உழைக்கவும் வேண்டும். தேய்மானத்தைக் கணிப்பது பொறியாளரின் வேலை. அதே வால்வின்மீது இரத்தம் உறையக்கூடும் என்பதையும், உறையாமலிருக்க நோயாளி வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்தவர் மருத்துவர். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையத்தில் இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர்களும் இத்தகைய வால்வை உருவாக்கப் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. நான்காவது வடிவம்தான் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அங்கே இரு துறை அறிஞர்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். அந்த இரண்டு அறிவும் ஒருவரிடமே அமைந்தால், மருத்துவர் கேள்வி எழுப்பும்வரை பொறியாளர் காத்திருக்க வேண்டியதில்லை.

இரு துறைகளையும் இணைக்கும் இத்தகைய பயிற்சியை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யும் 1970-லேயே கூட்டாகத் தொடங்கிவிட்டன. அந்நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி, பொறியியலையே அடித்தளமாகக் கொண்டு, 2018-இல் 32 மாணவர்களுடன் வகுப்புகளைத் தொடங்கியது.

நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ சித்திரை நிலையம் மூன்றும் இணைந்து நடத்தும் மருத்துவமனைப் பொறியியல் முதுகலைப் படிப்பு, பொறியாளரை நோயாளியின் படுக்கையருகே கொண்டு நிறுத்துகிறது. இது மிக நல்ல ஏற்பாடு. எனினும் அதை முடித்தவர் மருத்துவராகிவிட முடியாது. மருத்துவராக வேண்டுமென்றால், அவர் நீட் தேர்வெழுதி, பள்ளி முடித்து வரும் பிள்ளைகளோடு முதலாண்டில் அமர்ந்து, நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் முழுமையாக முடிக்க வேண்டும். பொறியியல் படிப்பில் அவர் ஏற்கெனவே கற்ற உடற்கூறும் உடலியங்கியலும் அங்கே கணக்கில் வருவதில்லை. இதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பாடங்களில் தேர்வு வைத்துத் தகுதியை உறுதிசெய்து, மிஞ்சும் காலத்தை நோயாளிகளுக்கான கருவி ஆய்வுக்கு ஒதுக்கும் ஒரு தனிப் பாடத்திட்டத்தை மருத்துவக் கல்வியை நெறிப்படுத்துவோர் வகுக்க வேண்டும். கற்பிப்பதற்கான நிறுவனங்கள் ஏற்கெனவே கைகோத்துத்தான் இருக்கின்றன.