ஃபீலே கம்போவும் ஒரு சோகப் பாட்டும்

வணக்கம்ங்க. இன்னிக்கு நான் பேசப் போற பாட்டக் கேட்டா பசிக்கும், அதனால இன்னும் சாப்பிடாதவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. 1952ல ஹாங்க் வில்லியம்ஸ் பாடின "ஜம்பலாயா". அமெரிக்க கன்ட்ரி பாட்டு வரிசையில 14 வாரம் முதலிடம். கிட்டார் கத்துக்குறவங்களுக்கு இது சீக்கிரமே வந்துடும், ஏன்னா மொத்தமே ரெண்டே கார்டு, அதாவது சேத்து மீட்டுற ரெண்டே சுரக் கூட்டுதான்.

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஒருத்தன் படக எடுத்துக்கிட்டு பாயு வழியா தன்னோட காதலி இவோனப் பாக்கப் போறான், அங்க ஒரே விருந்து, கூத்து. பாயுன்னா அமெரிக்காவுல லூசியானா மாநிலத்தோட தெக்குப் பக்கம் ஓடுதா நிக்குதான்னே தெரியாத ஒரு சோம்பேறித் தண்ணி, அதுல பிரோக்னு அடி தட்டையான சின்னப் படகு, கம்ப ஊனி ஊனித் தள்ளிக்கிட்டே போவாங்க. கோரஸ் ஆரம்பிக்கறதே சாப்பாட்டு லிஸ்ட்தான்: ஜம்பலாயா, கிராஃபிஷ் பை (இறால் மாதிரி ஒண்ண மாவுக்குள்ள வெச்சுச் சுடுறது), ஃபீலே கம்போ.

ஜம்பலாயான்னா வெங்காயம், செலரி, குடமிளகாயோட கோழி, சாசேஜ் எல்லாத்தையும் இரும்புச் சட்டியில நல்லா செவக்க வதக்கி, அதுலயே தண்ணியும் அரிசியும் போட்டு வேக வைக்கிறது. கம்போ வேற, அது சோத்து மேல ஊத்துற குழம்பு மாதிரி, பேரே ஆப்பிரிக்காவுலேருந்து வந்தது, அங்க அந்த வார்த்தைக்கு வெண்டைக்காய்னு அர்த்தம். ஃபீலேங்கறது சசாஃப்ராஸ் மரத்து இலையக் காய வெச்சு இடிச்ச பொடி, சொக்டா பழங்குடி மக்கள் குடுத்தது. நானும் ஒரு தடவ வீட்ல கம்போ செஞ்சு பாத்தேன், மாவ எண்ணெயில போட்டு முக்கா மணி நேரம் கை வலிக்கக் கிண்டி, சாக்லேட் கலருக்குக் கொண்டு வந்துட்டேன், எல்லாம் சரியா போச்சு, கொதிக்கிற குழம்புல ஃபீலேயக் கொட்டினேன் பாருங்க, கரண்டியத் தூக்கினா நூல் நூலா வருது! வீட்ல யாரும் தொடல.

சரி, விஷயத்துக்கு வரேன். கேஜன்னா லூசியானாவுல இருக்குற பிரெஞ்சு வம்சாவளி மக்கள். ஹாங்க் கேஜன் கிடையாது, அலபாமாக்காரரு. அந்த மெட்டும் அவரோடது இல்ல, "கிராண்ட் டெக்சாஸ்"னு ஏற்கெனவே இருந்த ஒரு கேஜன் பாட்டோட மெட்டு. அந்தப் பிரெஞ்சுப் பாட்டு என்ன சொல்லுதுன்னா, என்ன விட்டுட்டு தூரமா டெக்சாஸ் போயிட்டியேன்னு ஒருத்தன் அழுவுறான்! அதே மெட்டுல ஹாங்க் சோகத்த எடுத்துட்டு சோத்த வெச்சிட்டாரு. எனக்கு இது கெட்டிக்காரத்தனமாவும் தெரியுது, கொஞ்சம் உறுத்தவும் செய்யுது.

ஏன் உறுத்துதுன்னா, கேஜன் மக்கள் யாருன்னு பாக்கணும். கனடாவுல அகாடியான்னு ஒரு பகுதியில இருந்த பிரெஞ்சுக்காரங்க, 1755லேருந்து பிரிட்டிஷ்காரன் வீடு வாசலோட பிடுங்கித் துரத்துனதுல, எங்கெங்கயோ அலைஞ்சு ஒரு பகுதி ஆளுங்க லூசியானா சதுப்புல வந்து சேந்தாங்க. அகாடியன்தான் பேசிப் பேசித் தேஞ்சு கேஜன் ஆச்சு. அங்கயும் நிம்மதியில்ல. 1921ல மாநிலச் சட்டமே ஸ்கூல்ல இங்கிலீஷ்தான்னு சொல்லிடுச்சு, பிரெஞ்சு பேசின புள்ளைங்கள முட்டி போட வெச்சாங்க, இனி பேச மாட்டேன்னு பக்கம் பக்கமா எழுத வெச்சாங்க. அந்தப் புள்ளைங்க வளந்துக்கிட்டு இருந்த காலத்துலதான் ஹாங்கோட அரைகுறை பிரெஞ்சு வார்த்தைங்க நாடு முழுக்க ரேடியோவுல ஜாலியா ஓடுச்சு. பிரெஞ்ச வளக்கணும்னு மாநில அரசே ஒரு அமைப்பு வெச்சது 1968லதான்.

ஹாங்க் அதெல்லாம் பாக்கல. பாட்டு வந்து அரை வருஷத்துக்குள்ள, 1953 ஜனவரி 1, கச்சேரிக்குப் போற வழியில கார் பின் சீட்டுலயே போயிட்டாரு, வயசு 29தான்.

இப்ப பாட்டப் போடப் போறாங்க. மெட்ட மட்டும் தனியா கேட்டுப் பாருங்க, அந்த டெக்சாஸ் போன பொண்ணு இன்னும் உள்ள இருக்காளான்னு. அப்புறம், ஃபீலே அடுப்ப அணைச்ச பொறவுதாங்க போடணும்.